காலி பாட்டிலுக்கு ஒரு விலை வேண்டும்

பஸ் ஓடும் ரோட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பூச்சி, நோய், மழை, வறட்சி எல்லாம் ஊருக்குப் பொது. ஆனால் காலையில் வரப்பைச் சுற்றி வரும்போது, முந்தின நாள் இரவு யாரோ குடித்துவிட்டு எறிந்த பாட்டில்களைப் பொறுக்கும் வேலை ரோட்டோரத்து நிலக்காரருக்கு மட்டுமே வாய்த்தது.

முழு பாட்டிலாகக் கிடந்தால் பெரிய தொல்லை இல்லை. எடுத்துச் சாக்கில் போட்டுவிடலாம். மதகுக் கட்டையில் மோதி உடைந்து கிடந்தால்தான் ஆபத்து. பெரிய துண்டுகளைக் கையால் எடுத்துவிடலாம். சிறு துண்டுகள் மண்ணோடு போய்விடும். தண்ணீர் கட்டி, சேற்றுழவு ஓட்டி, பரம்படித்த பிறகு அவை எங்கே இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. சேற்றுக்குள் இருக்கும் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

எங்கள் நிலத்தில் ஒரு சம்பா நடவின்போது இது நடந்தது. வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த மூத்த பெண்மணி ஒருவர் "ஐயோ" என்று காலைத் தூக்கினார். உள்ளங்காலில் பாட்டிலின் அடித்துண்டு பாய்ந்திருந்தது. அவரை வரப்பில் உட்கார வைத்துத் துணியைக் கிழித்துக் கட்டினோம். அந்த வேதனையிலும் அவர் சொன்னது இதுதான்: "மீதித் துண்டு அங்கேதான் கெடக்கும் தம்பி. மொதல்ல அதத் தேடி எடு. அடுத்தவ மிதிச்சிடப் போறா."

தையல் போட்டார்கள். ரண ஜன்னி வராமலிருக்க ஊசி போட்டார்கள். அந்த நடவுப் பருவம் முழுவதும் அவர் சேற்றில் இறங்கவில்லை. வருஷத்தில் நாலு காசு பார்க்கும் சில வாரங்களின் கூலி அவருக்குப் போயிற்று. வைத்தியச் செலவில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். கூலி முழுவதையும் ஈடு செய்ய என்னால் முடியவில்லை. என் நிலம் ஒன்றரை ஏக்கர்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பாட்டிலைத் தயாரித்தவருக்கு அதற்கான விலை வந்துவிட்டது. விற்றவருக்கு லாபம் கிடைத்தது. சர்க்காருக்கு வரி கிடைத்தது. குடித்தவருக்குப் போதை கிடைத்தது. கடைசியில் காலிக் கண்ணாடி மட்டும் என் வயலுக்கு வந்தது. அதற்கான செலவைக் கொடுத்தவர்கள், அந்தப் பாட்டிலால் ஒரு பைசா லாபமும் பார்க்காத இரண்டு பேர். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்பைத் தின்றவன் ஒருவன், தண்ணீர் குடிப்பவன் வேறொருவன்.

குடித்தவரைத் திட்டிப் பயனில்லை. இருட்டில் எறிந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. "இங்கே பாட்டில் போடாதீர்கள்" என்று பலகை வைத்தால் அந்தப் பலகையின் காலடியிலேயே பாட்டில் கிடக்கிறது. காலி பாட்டிலுக்கு விலை இல்லை, அதனால்தான் எறிகிறார்கள். விலை உள்ள பொருளை யாரும் எறிவதில்லை. நாம் நெல்மணியை எறிகிறோமா? வைக்கோலை எறிகிறோமா? சாக்கைக்கூட உதறி மடித்து வைக்கிறோம்.

ஆகவே பாட்டிலை விற்கும்போதே ஒரு தொகையை டெபாசிட்டாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். இதைச் சட்டமாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. இது புதிய யோசனை அல்ல. உலகில் பல இடங்களில் ஐம்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பது. அமெரிக்காவில் இதற்கு முன்னோடியான ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்கள் நம்மைப் போன்ற விவசாயிகளே என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

பால்மாட்டுக்காரர்கள் கேட்ட சட்டம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்று ஒரு சிறிய மலை மாநிலம் இருக்கிறது. கறவை மாடும் புல்லும் அங்கே முக்கியத் தொழில். கோடையில் புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்டி, பனிக்காலம் முழுவதும் மாட்டுக்குப் போடுவார்கள்.

இரண்டாவது உலகப் போருக்கு முன்பு அந்த நாட்டில் பீர், கலர் போன்றவை பெரும்பாலும் கனமான கண்ணாடி பாட்டில்களில் விற்கப்பட்டன. பாட்டில் கம்பெனியின் சொத்து. கடைக்காரர் அதற்கு டெபாசிட் வாங்கிக்கொள்வார். காலி பாட்டில் கம்பெனிக்குத் திரும்பிப் போகும். கழுவி மறுபடி நிரப்புவார்கள். போருக்குப் பின் ஒரு முறை குடித்து எறியும் பாட்டில்களும் தகரக் கேன்களும் பெருகின. காலி பாட்டிலைத் திரும்ப ஏற்றி வரும் செலவு கம்பெனிக்கு மிச்சமாயிற்று. அதே காலத்தில் வீட்டுக்கு வீடு காரும் வந்தது. காரில் போகிறவர்கள் குடித்துவிட்டு ஜன்னல் வழியாக எறிந்தார்கள். ரோட்டை ஒட்டிய புல்வெளியில் பாட்டில்கள் விழுந்தன.

புல் அறுக்கும் இயந்திரம் புல் எது, பாட்டில் எது என்று பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்து நொறுக்கிக் கட்டிவிடும். மாடு தின்னும் விதமும் நமக்குத் தெரிந்ததே. ஆடு போல் பொறுக்கித் தின்னாது. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும்; பிறகுதான் அசைபோடும். ஆணி, கம்பி போன்ற கனமான கூரிய பொருள்கள் தேன்கூடு போன்ற இரண்டாவது இரைப்பையில் தங்கிவிடும். அந்த இரைப்பை சுருங்கும்போது கூர்முனை சுவரைக் குத்தும். சில சமயம் அருகில் இருக்கும் இருதயம் வரை போகும். ஆணி, கம்பிக்காவது மாட்டின் வயிற்றில் காந்தம் செலுத்தும் வைத்தியம் உண்டு. கண்ணாடியைக் காந்தம் பிடிக்காது. அலுமினியத் தகட்டையும் பிடிக்காது.

தங்கள் மாடுகள் புல்லோடு கண்ணாடியைத் தின்று சாகின்றன என்று வெர்மான்ட் பால் விவசாயிகள் முறையிட்டார்கள். அக்காலத்தில் அந்த மாநிலச் சட்டசபையின் கீழ்ச்சபையில் ஊருக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை இருந்தது. சிறு கிராமத்துக்கும் ஓர் இடம், பெரிய நகரத்துக்கும் ஓர் இடம். எனவே கிராமத்தின் குரல் அங்கே எடுபட்டது. 1953-ல், திருப்பி நிரப்ப முடியாத பாட்டில்களில் பீர் விற்கக்கூடாது என்று சட்டம் கொண்டு வந்தார்கள்.

ஆனால் வெற்றி நீடிக்கவில்லை. அந்தச் சட்டத்துக்குக் கால வரம்பு இருந்தது. பீர் கம்பெனிகளின் எதிர்ப்பு பலமாக இருந்தது. 1957-ல் சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. பாட்டில்கள் மறுபடி புல்வெளிக்கு வந்தன.

அதே 1953-ல் இன்னொன்றும் நடந்தது. கேன், பாட்டில் தயாரிக்கும் கம்பெனிகள் முன்னின்று 'அமெரிக்காவை அழகாக வைப்போம்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கின. குப்பை போடுகிறவரே குற்றவாளி, அவர் திருந்தினால் போதும் என்ற பிரசாரம் நாடெங்கும் நடந்தது. குப்பை போடுகிறவர் குற்றவாளி என்பது உண்மைதான். ஆனால் எறிவதற்கென்றே ஒரு பொருளைச் செய்து விற்பவருக்கு இதில் பங்கே இல்லையா என்ற கேள்வி அந்தப் பிரசாரத்தில் எழவில்லை. இன்று நம் ஊரில் "மக்கள் திருந்த வேண்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

வெர்மான்ட் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1970-ல் மாநில மக்கள் ஒரே நாளில் ரோடுகளில் இறங்கிக் குப்பை பொறுக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு நாள் பொறுக்கினால் மறுநாள் மீண்டும் சேர்ந்துவிடும் என்பதைப் பொறுக்கியவர்களே உணர்ந்திருப்பார்கள். 1972-ல் அங்கே டெபாசிட் சட்டம் நிறைவேறி, 1973-ல் நடைமுறைக்கு வந்தது. பாட்டில் ஒன்றுக்கு 5 சென்ட். முதல் சட்டம் தடை மட்டும் போட்டது. இரண்டாவது சட்டம் காலி பாட்டிலுக்கு விலை வைத்தது. முதலாவது நாலு வருஷத்தில் போயிற்று; இரண்டாவது இன்றும் நிற்கிறது.

ஆரிகன் காட்டிய கணக்கு

வெர்மான்டுக்குச் சற்று முன்பாக, அந்த நாட்டின் மேற்குக் கரையில் உள்ள ஆரிகன் மாநிலம் 1971-ல் டெபாசிட் சட்டம் இயற்றியது. டாம் மெக்கால் என்பவர் அப்போது கவர்னர். 1972 அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களில் இவ்வகைச் சட்டத்தில் முதலாவது இதுவே. அண்டை நாடான கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1970-லேயே இதைச் செய்திருந்தது.

ஆரிகன் சட்டத்தில் கவனிக்கத்தக்க நுணுக்கம் ஒன்று உண்டு. சாதாரண பாட்டிலுக்கும் கேனுக்கும் 5 சென்ட் டெபாசிட். பல கம்பெனிகளும் கழுவி நிரப்பக்கூடிய பொது அளவு பாட்டிலுக்கு 2 சென்ட் மட்டுமே. மறுபடி பயன்படும் பாட்டிலுக்குச் சலுகை, எறியும் பாட்டிலுக்குச் சுமை. கேனின் வாயிலிருந்து உரித்து எறியும் கூரான தகட்டு வளையத்தையும் அச்சட்டம் தடை செய்தது. காலைக் கிழித்த சின்னப் பொருளையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கோர்ட்டு சட்டத்தை உறுதி செய்தது. பலன் என்ன? சட்டத்துக்கு முன் ஆரிகன் சாலையோரக் குப்பையில் 100-க்கு 40 பங்கு பாட்டிலும் கேனுமாக இருந்தது. 1973-ல் அது 11 பங்கு அளவுக்கு இறங்கியது. 1979-ல் 6 பங்காயிற்று. பின்னர் இதே சட்டம் செய்த மற்ற மாநிலங்களில் எடுத்த கணக்குகளும், பாட்டில், கேன் குப்பை 100-க்கு சுமார் 70 முதல் 84 வரை குறைந்ததாகக் காட்டின. போலீசு கூடுதலாகப் போடவில்லை. மக்களின் குணமும் ஒரே வருஷத்தில் மாறிவிடவில்லை. காலி பாட்டிலுக்கு 5 சென்ட் கிடைத்தது, அவ்வளவுதான். எறிந்தவர் எறிந்தாலும், பின்னால் வருகிறவர் பொறுக்கிக்கொண்டு போனார்.

இன்னொரு பாடமும் ஆரிகனில் இருக்கிறது. இது விலைவாசி அறிந்த விவசாயிக்கு உடனே புரியும். 1971-ல் வைத்த 5 சென்ட்டை நாற்பது வருஷத்துக்கு மேல் மாற்றவே இல்லை. 1971-ன் 5 சென்ட்டுக்கு ஈடாக 2017-ல் 30 சென்ட் வேண்டியிருந்தது. காசின் மதிப்பு கரையக் கரைய மக்களின் அக்கறையும் கரைந்தது. திரும்பி வரும் பாட்டில் 100-க்கு 64 என்ற அளவுக்கு இறங்கியது. 2017 ஏப்ரல் 1 முதல் டெபாசிட்டை 10 சென்ட் ஆக்கினார்கள். 2019-ல் திரும்பி வந்தவை 100-க்கு 85-ஐத் தாண்டின. டெபாசிட் வைத்தால் மட்டும் போதாது. விலைவாசியோடு அதையும் உயர்த்திக்கொண்டே வர வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நமக்கு இது புதிதா?

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். உண்மையில் இது நம் ஊர்ப் பழக்கமே. கோலி சோடா குடித்தவர்களுக்குத் தெரியும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க முடியாது. கடை வாசலில் நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டுக்கு வேண்டுமானால் பாட்டிலுக்குப் பணம் கட்ட வேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பெட்டி பெட்டியாகக் கலர் எடுத்தாலும், காலி பாட்டில் எண்ணி ஒப்படைத்த பிறகுதான் கணக்குத் தீரும். ஒரு பாட்டில் குறைந்தால் கல்யாண வீட்டுக்காரர் பந்தல் முழுதும் தேடுவார். அந்தக் காலத்தில் சோடா பாட்டில் வாய்க்காலில் மிதந்ததைப் பார்த்தவர் யார்?

அந்தப் பழக்கத்தைக் கொன்றது எறியும் பாட்டில். கடைக்காரர், கம்பெனி, குடிப்பவர் மூவருக்கும் அது வசதி. நாலாவது ஆளான நிலக்காரரை யாரும் கேட்கவில்லை.

நீலகிரியில் 10 ரூபாய்

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் ஆரம்பம் நடந்திருக்கிறது. மலைப்பகுதிகளிலும் காடுகளிலும் உடைந்து கிடக்கும் மது பாட்டில்கள் யானை முதலிய விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 மே 15 முதல் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகள் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டு வந்தால் அதைத் திருப்பித் தரத் தொடங்கின. பாட்டிலில் இதற்கென ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்பட்டது. விற்ற பாட்டில்களில் பெரும் பகுதி கடைக்கே திரும்பி வந்தது. அதன்பின் மற்ற மலைத் தலங்களுக்கும், கோவை, பெரம்பலூர் போன்ற மாவட்டங்களுக்கும், மேலும் பல இடங்களுக்கும் திட்டம் படிப்படியாக விரிந்தது. அண்டையில் கேரளத்திலும் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் சில மதுக்கடைகளில் 20 ரூபாய் டெபாசிட் வைத்துச் சோதனை தொடங்கினார்கள்.

யானைக்காகச் செய்தது நல்ல காரியம். அதில் நமக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் யானையின் காலுக்காக வந்த ஏற்பாடு, நாற்று நடும் பெண்ணின் காலுக்காகவும் வந்திருக்க வேண்டாமா? யானைக்காக வழக்காட ஆள் இருந்தார்கள். நமக்காக நாமே கேட்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஆரிகனில் ஆயிரக்கணக்கான தனியார் மளிகைக் கடைகளைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. இங்கே 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் ஒரே கழகத்தின் கையில் இருக்கிறது. கழகமோ சர்க்காருடையது. விற்பவர் ஒருவரே என்னும்போது திரும்ப வாங்குவதற்கும் ஒருவரே போதும். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

சொல்லப்படும் ஆட்சேபணைகள்

இந்தத் திட்டத்தை எதிர்ப்போர் சொல்வதையும் நாம் கேட்க வேண்டும்.

ஏழைக் குடிகாரர் 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது ஓர் ஆட்சேபணை. அது விலை அல்ல; அடமானம். பொருளைக் கொடுத்தால் பணம் திரும்பி வருகிறது. இதனால் அவருடைய குடும்பத்துக்கு நஷ்டம் இல்லை. திருப்பிக் கொடுக்காவிட்டால் அந்தப் பத்து ரூபாய், அவர் பாட்டிலைப் பொறுக்கும் வேறு ஓர் ஏழைக்குப் போகிறது.

கடை ஊழியர்களுக்கு வேலைப்பளு என்பது இரண்டாவது. இது நியாயமான குறை. காலி பாட்டிலை எண்ணி வாங்கவும், அடுக்கி வைக்கவும் ஆளும் இடமும் இல்லை என்று ஊழியர்கள் போராடியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிடக்கூடாது. இருக்கிற ஊழியர் தலையிலேயே இதையும் கட்டினால், பாட்டிலோடு வருகிறவரை அவர் விரட்டத்தான் பார்ப்பார்; திட்டம் தானாகச் சாகும். காலி பாட்டில் வாங்குவதற்குத் தனி ஆளும் தனி இடமும் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம்.

பழைய பாட்டில் வாங்குகிற வியாபாரியின் பிழைப்புப் போகும் என்பது மூன்றாவது. அந்த வியாபாரி இன்றைக்கும் நம் வயலுக்கு வந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவதில்லை; முழு பாட்டிலைத்தான் எடுக்கிறார். டெபாசிட் வந்தால் முழு பாட்டில்கள் கடைக்கு நேராகப் போகும் என்பது உண்மையே. அவரையே கடைக்கும் பாட்டில் கம்பெனிக்கும் நடுவே ஏற்றிச் செல்லும் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் அவர் பிழைப்பும் நிற்கும்.

இதனால் குடி குறையுமா என்று கேட்பவர்களும் உண்டு. குறையாது. குடியைக் குறைப்பது வேறு வேலை. அதற்கு வேறு வழிகள் வேண்டும். டெபாசிட் சட்டம் பாட்டிலைப் பற்றியது மட்டுமே. அது இன்னொன்றையும் செய்யாது. ஏற்கெனவே நம் மண்ணில் புதைந்திருக்கும் கண்ணாடியை எடுத்துத் தராது. கண்ணாடி மக்கும் பொருள் அல்ல. நம் பேரன் உழும்போதும் அது அங்கேதான் இருக்கும். ஆகவே எவ்வளவு சீக்கிரம் மேலும் சேராமல் தடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நம் கை சுத்தமா?

பிறரைச் சொல்லும் முன் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரோட்டோர வரப்பில் கிடப்பது மது பாட்டில் என்றால், உள்வரப்பிலும் பம்புசெட் பக்கத்திலும் கிடப்பது எந்த பாட்டில்? பூச்சி மருந்து பாட்டில். அதை அங்கே போட்டது வெளியூர்க்காரர் அல்ல. மருந்தைக் கலந்துவிட்டு வாய்க்காலில் எறிந்தவர் நம்மில் ஒருவர்தான். அந்தத் தண்ணீரைத்தான் கீழ்மடைக்காரரின் மாடு குடிக்கிறது.

மருந்து பாட்டில் காலியானதும் மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட வேண்டும். வேறு எதற்கும் பயன்படாதபடி பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்று எண்ணெய் ஊற்றி வைக்கவே கூடாது. பிரேசில் நாட்டில் 2000-ல் இயற்றிய ஒரு சட்டம், காலி மருந்து டப்பாக்களைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது விவசாயியின் கடமை, வாங்கிக்கொள்வது விற்பவர் கடமை, அழிப்பதும் மறுசுழற்சி செய்வதும் கம்பெனியின் கடமை என்று வகுத்தது. அங்கே பெரும்பாலான டப்பாக்கள் திரும்பி வருகின்றன. மருந்து பாட்டிலுக்கும் நம் நாட்டில் டெபாசிட் வேண்டும் என்று நாமே கேட்போமானால், மது பாட்டிலைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி வந்துவிடும்.

நாம் கேட்க வேண்டியவை

குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. தெரு விளக்கு, குடிதண்ணீர் பற்றிப் பேசுகிறோம். வயலில் கிடக்கும் பாட்டிலைப் பற்றியும் ஒரு தீர்மானம் போடலாம். தீர்மானத்தில் இவை இருக்கட்டும்:

முதலாவது, டெபாசிட் திட்டம் வராத பகுதிகள் எங்கு இருந்தாலும் அங்கும் வர வேண்டும். வந்த பகுதிகளில் பெயரளவில் இல்லாமல் நடக்க வேண்டும்.

இரண்டாவது, எந்தக் கடையில் வாங்கிய பாட்டிலானாலும் எந்தக் கடையிலும் திருப்பி வாங்க வேண்டும். மழையிலும் சேற்றிலும் கிடந்த பாட்டிலில் சீட்டு நனைந்து கிழிந்திருக்கும். அதைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கக்கூடாது. சீட்டுக்குப் பதில் பாட்டிலிலேயே அழியாத முத்திரை இருந்தால் நல்லது. பாட்டிலை வயலிலிருந்து எடுத்து வருகிறவர்தான் இந்தத் திட்டத்தின் உண்மையான காவல்காரர்.

மூன்றாவது, 10 ரூபாய் என்றைக்கும் 10 ரூபாயாகவே நின்றுவிடக்கூடாது. சில வருஷங்களுக்கு ஒரு முறை விலைவாசியைப் பார்த்து உயர்த்த வேண்டும். ஆரிகன் நாற்பது வருஷம் தூங்கியது போல் நாமும் தூங்க வேண்டாம்.

நாலாவது, திரும்பி வராத பாட்டிலின் டெபாசிட் யாருக்குப் போக வேண்டும் என்பது. நூறு பாட்டில் விற்று எண்பது திரும்பினால், இருபது பாட்டிலுக்கு உரிய 200 ரூபாய் மிஞ்சுகிறது. அந்த இருபது பாட்டிலும் எங்கே கிடக்கின்றன? நம் வரப்பிலும் வாய்க்காலிலும்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்படி மிஞ்சும் தொகையில் முக்கால் பங்கு சுற்றுப்புறச் சீரமைப்பு நிதிக்குப் போகிறது. இங்கே அது அந்தந்த ஊராட்சிக்கு வர வேண்டும். ரோட்டோரத்தைச் சுத்தம் செய்யவும், கண்ணாடி குத்திய கூலியாளுக்கு வைத்தியச் செலவும் விடுபட்ட நாட்களின் கூலியும் தரவும் அது பயன்பட வேண்டும்.

ஐந்தாவது, மதுவோடு நிற்காமல் தண்ணீர், குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டெபாசிட் வர வேண்டும். காலைக் கிழிப்பது கண்ணாடி என்றால், மதகை அடைப்பது பிளாஸ்டிக். ஆடியில் தண்ணீர் திறக்கும்போது கடைமடை விவசாயிக்கு இது நன்றாகத் தெரியும்.

வெர்மான்ட் விவசாயிகள் 1953-ல் வென்றார்கள். 1957-ல் கோட்டை விட்டார்கள். 1972-ல் மாநிலம் மறுபடி எழுந்து சட்டம் கொண்டு வந்தது. இடையில் போன வருஷங்களில் எத்தனை மாடு போயிற்றோ! ஒரு முறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது என்பதே அவர்கள் நமக்கு விட்டுப்போன பாடம்.

எங்கள் நிலத்தில் கால் கிழிந்த பெண்மணி மறு வருஷமும் நடவுக்கு வந்தார். வந்ததும் நேராகச் சேற்றில் இறங்கவில்லை. ரோட்டோர வரப்பில் மெதுவாக நடந்து, உடைந்த துண்டு கிடக்கிறதா என்று ஒரு முழ நிலம் விடாமல் பார்த்தார். மற்றப் பெண்கள் அவர் கை காட்டும் வரை காத்திருந்தார்கள். நாற்று நட வந்தவர்கள் முதலில் கண்ணாடி தேட வேண்டியிருந்தது. அவர்கள் கூலி வாங்குவது நடுவதற்கு. கண்ணாடி தேடும் வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது நம் கடமை.